ஆயத்தப் பையும் ஆஸ்பத்திரிக் காத்திருப்பும்

நோய் சொல்லிக்கொண்டு வருவதில்லை. நள்ளிரவில் குழந்தைக்கு வலிப்புக் காணலாம். விடியற்காலையில் பால்மரம் வெட்டப் புறப்படும் வேளையில் வீட்டுப் பெரியவருக்கு நெஞ்சு அடைக்கலாம். அத்தகைய வேளையில் வீட்டிலுள்ளோர் பதறி, கைக்கு எட்டியதை எடுத்துக்கொண்டு, கிடைத்த வாகனத்தில் ஏறுவது இயல்பே. மருத்துவமனையை அடைந்த பின்னர்தான் அடையாளக் கார்டு அலமாரியில் இருப்பதும், மருந்துகள் சமையலறைத் தட்டில் இருப்பதும் நினைவுக்கு வருகின்றன.

அங்கே பல மணி நேரம் காத்திருக்க நேரும் என்பதை நாம் அறிவோம். பசி, குளிர், குழந்தையின் அழுகை, கடைசிப் பேருந்து போய்விடுமோ என்ற கவலை ஆகியவை ஒன்றுசேரும்போது, பெயர் அழைக்கப்படும் முன்பே எழுந்து வீடு திரும்புவோர் உண்டு. அவ்வாறு திரும்பினால் அன்றைய சம்பளமும் போயிற்று; நோயும் தீர்ந்தபாடில்லை. ஆகவே, முன்கூட்டியே கட்டி வைத்த ஒரு பை வெறும் சௌகரியத்துக்கான பொருளன்று. பெயர் அழைக்கப்படும்வரை நம்மை அங்கே இருக்கச் செய்வதும், அழைக்கப்பட்டவுடன் மருத்துவருக்கு வேண்டிய செய்திகளைத் தருவதும் அதன் பணிகளாகும். அந்தப் பையில் எவை இருக்கவேண்டும் என்பதே இம்மாதப் பாடம்.

செபராங் ஜெயாவை நாடிச் செல்வோர்

1985ஆம் ஆண்டில் பினாங்குப் பாலம் திறக்கப்படுவதற்கு முன்னர், தீவிலுள்ள பொது மருத்துவமனைக்குச் செல்லவேண்டிய செபராங் பிறை மக்கள் பட்டர்வொர்த்தில் பெர்ரி ஏறியே கடலைக் கடந்தனர். இன்று நிலைமை வேறு. 1970ஆம் ஆண்டுகளில் பினாங்கு மேம்பாட்டுக் கழகம் உருவாக்கிய புதுநகரான செபராங் ஜெயாவில், பெருநிலப் பகுதி மக்களுக்கென ஒரு பெரிய அரசாங்க மருத்துவமனை இயங்கி வருகின்றது. புக்கிட் மெர்த்தாஜாம், கெப்பாலா பத்தாஸ், சுங்கை பக்காப் ஆகிய இடங்களிலும் அரசாங்க மருத்துவமனைகள் உள்ளன. எனினும், நிபுணர்களைக் காண வேண்டியவர்கள் பலர் செபராங் ஜெயாவுக்கே அனுப்பப்படுகின்றனர். ஒரு மருத்துவமனையை இத்தனை வட்டார மக்கள் நாடும்போது, காத்திருப்பு நீளுவது வியப்பன்று.

பின்னால் வந்தவர் முன்னால் செல்வது ஏன்?

அவசரப் பிரிவில் வரிசை எண் மட்டுமே முறையைத் தீர்மானிப்பதில்லை. அங்கே முதலில் தாதி அல்லது மருத்துவ உதவியாளர் நோயாளியைப் பார்த்து, நோயின் கடுமையை மதிப்பிடுவார். உயிருக்கு ஆபத்தான நிலையில் இருப்போர் சிவப்புப் பகுதிக்கும், அதற்கு அடுத்த நிலையினர் மஞ்சள் பகுதிக்கும், பொறுத்திருக்கக் கூடியவர்கள் பச்சைப் பகுதிக்கும் அனுப்பப்படுவது நம் நாட்டில் நன்கு பழக்கப்பட்ட முறையாகும். ஆகவே, நமக்குப் பின்னால் வந்த ஒருவர் நமக்கு முன்னால் அழைக்கப்பட்டால், அவரது நிலை நம்முடையதைவிட மோசமானது என்று பொருள். அதனைச் சிபாரிசு என்று எண்ணிச் சினங்கொள்ளுதல் ஆகாது.

ஆனால் ஒன்றை மறத்தல் கூடாது. பச்சைப் பகுதியில் அமர்ந்திருப்பவரின் நிலை இடையில் மோசமாகலாம். நெஞ்சு இறுக்கம், மூச்சுத் திணறல், பேச்சுக் குளறல், மயக்கம், நிற்காத இரத்தப் போக்கு, குழந்தைக்கு வலிப்பு ஆகியவற்றில் எது தோன்றினாலும், எண் வரும்வரை காத்திராமல் உடனே தாதியிடம் தெரிவிக்க வேண்டும்.

முதலாவது: தாள்கள்

பையில் முதலில் வைக்கவேண்டியவை உணவும் உடையும் அல்ல, தாள்களே. மைகார்டு, குழந்தையாயின் மைகிட் அல்லது பிறப்புப் பத்திரம், மருத்துவரைக் காண நாள் குறித்த கார்டு, கிளினிக்கில் கொடுத்த ‘சூராட் ருஜுக்கான்’ எனப்படும் பரிந்துரைக் கடிதம், கர்ப்பிணியாயின் இளஞ்சிவப்புப் புத்தகம் ஆகிய அனைத்தையும் ஒரு பிளாஸ்டிக் உறையிலிட்டு வைத்துக்கொள்ளுதல் நலம். மழையில் நனைந்த கடிதம் எவருக்கும் பயன்படாது.

கட்டணத்திற்கெனச் சில்லறைப் பணமும் அதே உறையில் இருக்கட்டும். அரசாங்க மருத்துவமனைகளில் குடிமக்களுக்குச் சாதாரண வெளிநோயாளர் கட்டணம் 1 வெள்ளி. நிபுணரைக் காண 5 வெள்ளி. கட்டணம் சிறிதே, ஆனால் திரும்பி வருவதற்கான வாகனச் செலவையும் எண்ணிப் பார்த்து எடுத்துச் செல்லவேண்டும்.

இரண்டாவது: மருந்துகள்

“வெள்ளை மாத்திரை ஒன்று, மஞ்சள் மாத்திரை பாதி” என்று சொன்னால் எந்த மருத்துவராலும் அவை எவை என அறிய இயலாது. அன்றாடம் உண்ணும் மருந்துகள் அனைத்தையும் அவற்றின் உறைகளோடு கொண்டு செல்லவேண்டும். நாட்டு மருந்து, லேகியம், கடையில் வாங்கிய வலி மாத்திரை ஆகியவற்றையும் மறைத்தல் தகாது. சில மருந்துகள் ஒன்றோடொன்று சேரும்போது தீங்கு விளைவிக்கும். ஏதேனும் மருந்து ஒத்துக்கொள்ளாதெனில், அதன் பெயரை எழுதி மருந்து உறையின் மேல் ஒட்டி வைப்பது சிறந்தது.

காத்திருப்பு மாலைவரை நீளக்கூடும். ஆதலால் அன்றைய பகல், மாலை வேளைகளுக்குரிய மாத்திரைகளும் உடன் இருக்கவேண்டும். ஆனால் அங்கே சென்ற பின் அவற்றை உட்கொள்ளலாமா எனத் தாதியிடம் கேட்ட பின்னரே உட்கொள்ளுதல் முறை.

மூன்றாவது: எழுதிய குறிப்பு

பையிலுள்ள பொருள்களில் மிகவும் இலேசானதும், சில வேளைகளில் மிகவும் விலையுயர்ந்ததும் ஒரு துண்டுக் காகிதமாகும். நோய் எப்பொழுது தொடங்கிற்று என்பதை அதில் எழுதவேண்டும். பக்கவாதத்தை எடுத்துக்கொள்வோம். முகம் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சுக் குளறுதல் ஆகியவை அதன் அடையாளங்கள். இரத்தக் கட்டியால் வந்த பக்கவாதமாயின், அக்கட்டியைக் கரைக்கும் மருந்தை ஏறத்தாழ நான்கரை மணி நேரத்துக்குள் செலுத்தவேண்டும். நோயாளி கடைசியாக நல்ல நிலையில் இருந்த நேரம் தெரியாவிடில், மருத்துவர் அம்மருந்தைக் கொடுக்கத் தயங்குவார். “காலையில்” என்பது போதாது. “ஐந்தரை மணிக்குத் தேநீர் குடித்தபோது நன்றாகப் பேசினார்” என்பதே பயன்படும் செய்தி. இந்நிலையில் வாகனம் தேடி அலையாமல் உடனே 999 எண்ணை அழைக்கவேண்டும்.

தோட்டத்தில் நேரும் விபத்துகளுக்கும் இது பொருந்தும். களைக்கொல்லி கண்ணில் தெறித்தாலோ வாயில் போனாலோ, அம்மருந்தின் பெயர் தாங்கிய சீட்டைக் கொண்டு செல்லவேண்டும். சீட்டைப் பிரிக்க முடியாவிடில் அதனைக் கைபேசியில் படம் பிடித்துக்கொள்ளலாம். கண்ணில் பட்டிருந்தால், புறப்படும் முன்பே நிறையத் தண்ணீரால் கழுவுதல் அவசியம்.

நம் நாட்டின் வடபகுதி இரப்பர்க் காடுகளில் குழிவிரியன் பாம்பு சருகுகளோடு சருகாகக் கிடப்பதுண்டு. அது கடித்தால் பாம்பைத் தேடிப் பிடித்துக் கொண்டு செல்லுதல் வீண் ஆபத்து. தூரத்திலிருந்து எடுத்த படமோ, நிறத்தைப் பற்றிய குறிப்போ போதுமானது. கடித்த இடத்தைக் கீறுதல், உறிஞ்சுதல், கயிற்றால் இறுகக் கட்டுதல் ஆகியன கூடவே கூடா.

நான்காவது: உணவும் தண்ணீரும்

தண்ணீர்ப் போத்தல் ஒன்றும், கெடாத உணவும் வேண்டும். ரொட்டி, பிஸ்கட், வாழைப்பழம் ஆகியவை ஏற்றவை. தேங்காய்ப் பால் கலந்த சோறும் குழம்பும் நம் நாட்டு வெப்பத்தில் சில மணி நேரத்திலேயே கெட்டுவிடும். வயிற்று வலிக்கு மருந்து வாங்க வந்தவர் வயிற்றுப் போக்கோடு திரும்ப நேரும்.

உணவு உடன் வந்தவருக்கே முதலில் உரியது. கடுமையான வயிற்று வலி, எலும்பு முறிவு, பெருங்காயம் ஆகியவற்றோடு வந்த நோயாளிக்கு அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம். வயிறு நிறைந்திருந்தால் மயக்க மருந்து கொடுப்பது ஆபத்து. எனவே மருத்துவர் அனுமதிக்கும் வரை அவருக்கு உணவோ பானமோ கொடுத்தலாகாது. “பாவம், பசியோடு இருக்கிறாரே” என்ற இரக்கம் இங்கே தீங்காய் முடியலாம்.

நீரிழிவு நோயாளிகள் தனிக் கவனத்துக்கு உரியவர்கள். மருந்து போட்டுக்கொண்டு உண்ணாமல் காத்திருந்தால் இரத்தத்தில் சர்க்கரை தாழ்ந்து, வியர்வை, நடுக்கம், குழப்பம் ஆகியவை தோன்றும். அவர்களுடைய பையில் சில மிட்டாய்களோ சிறிது சர்க்கரையோ எப்பொழுதும் இருக்கவேண்டும். இவ்வடையாளங்கள் தோன்றினால் உடனே தாதியை அழைத்தல் வேண்டும். வெறும் வயிற்றில் இரத்தம் எடுக்கும் நாளாயின், ஊசி மருந்தை எப்பொழுது போடுவது என்பதை முந்திய சந்திப்பிலேயே கேட்டு வைத்துக்கொள்ளவேண்டும்.

ஐந்தாவது: துணிமணியும் பிறவும்

காத்திருக்கும் கூடங்களில் குளிர்சாதனம் இருக்கும். நம் முதியோருக்கு அக்குளிர் பழக்கமில்லை. ஒரு கைலி, ஒரு துண்டு, கைநீண்ட சட்டை ஆகியவை போர்த்திக்கொள்ளவும் விரித்துக்கொள்ளவும் உதவும். நோயாளி வார்டில் சேர்க்கப்பட்டால் மாற்றுடை, சோப்பு, பற்பசை, செருப்பு ஆகியவை உடனே வேண்டியிருக்கும். வாந்திக்கென இரண்டு பிளாஸ்டிக் பைகள், முகக் கவரி, குழந்தைக்கு மாற்றுத் துணி ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்வோம். மூக்குக் கண்ணாடி, காது கேட்கும் கருவி ஆகியவற்றை மறந்து சென்றால், பெயர் அழைக்கப்படுவதே தெரியாமற் போகும்.

கைபேசியோடு அதன் மின்னூட்டுக் கம்பியும் இருக்கட்டும். ஆயினும் மின்னாற்றல் தீர்ந்துபோகும் வேளைக்கென, கிராணி, மண்டோர், அண்டை வீட்டார் ஆகியோரின் எண்களைத் தாளிலும் எழுதி வைத்தல் அறிவுடைமை.

வேண்டாதவையும் உள. நகைகளையும் பெருந்தொகையையும் வீட்டில் பத்திரமாக வைத்துவிடவேண்டும். பால் வெட்டும் கத்தியை இடுப்பில் செருகியபடி வருதல் கூடாது. நோயற்ற சிறு குழந்தைகளை அழைத்து வந்தால், அவர்கள் அங்கிருந்து நோயைப் பெற்றுச் செல்லவும் கூடும்.

உடன் செல்பவரின் கடமை

மருத்துவம் என்பது நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து துணைபுரிவோர் ஆகிய நான்கையும் கொண்டது எனத் திருவள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்தில் கூறியுள்ளார். துணை செல்பவர் ஒருவரே போதும். ஆனால் அவர் நோயாளியின் நிலையை நன்கு அறிந்தவராகவும், மலாய்மொழி பேசக் கூடியவராகவும் இருத்தல் நலம். ‘கென்சிங் மானிஸ்’ என்பது நீரிழிவு. ‘டாரா திங்கி’ என்பது இரத்த அழுத்தம். ‘அலாஹான்’ என்பது மருந்து ஒவ்வாமை. இச்சொற்களை நம் வீட்டுப் பெரியவர்களும் தெரிந்து வைத்திருக்கவேண்டும். நம் பெயர்கள் ஒலிபெருக்கியில் வேறுவிதமாக ஒலிக்கலாம். ஆகவே எண்ணையும் கவனித்துக்கொண்டிருத்தல் வேண்டும். கழிவறைக்கோ சிற்றுண்டிச்சாலைக்கோ செல்லும்போது அருகிலிருப்பவரிடமாவது சொல்லிச் செல்லுதல் நன்று.

வேலைத்தலத்துக்குத் தெரிவித்தல்

நோயின் காரணமாக வேலைக்குச் செல்ல இயலாதவர் 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவிக்கவேண்டும் என்பது 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் விதி. தவறினால், மருத்துவச் சான்றிதழ் கையில் இருந்தும் அனுமதியின்றி வராதவராகக் கருதப்படுவார். எனவே காத்திருக்கும் நேரத்திலேயே கிராணிக்குச் செய்தி அனுப்பிவிடுவது நம் சம்பளத்தைக் காக்கும் வழியாகும். வீடு திரும்பும் முன் சான்றிதழில் பெயரும் நாளும் சரியாக உள்ளனவா என்று பார்த்துக்கொள்ளவேண்டும். வேலையில் காயம் பட்டவரும், வேலைக்குப் போகும் வழியில் விபத்துக்குள்ளானவரும் 1969ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்படி சொக்சோ உதவியைக் கோர, நேரம், இடம், கண்டவர் பெயர் ஆகியவற்றைக் குறித்து வைத்தல் அவசியம்.

பாடத்தைச் சோதித்துப் பார்ப்போம்

1. நம் வீட்டிலுள்ளோரின் மருத்துவக் கார்டுகள் அனைத்தும் ஒரே இடத்தில் உள்ளனவா?
2. பெரியவர்கள் உண்ணும் மருந்துகளின் பெயர்களை வீட்டில் இன்னொருவரும் அறிவாரா?
3. அடிபட்டு வந்தவருக்கு உடனே தேநீர் கொடுக்கலாமா? ஏன்?
4. நள்ளிரவில் புறப்பட நேர்ந்தால், வீட்டிலிருக்கும் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வார்?

இக்கேள்விகளுக்கு விடை கூற முடிந்த குடும்பம் ஆயத்தமான குடும்பமாகும். வெள்ளம் வருமுன் அணை கோலுதல் வேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. இவ்வாரச் சம்பள நாளன்று புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை. வீட்டிலுள்ள பழைய பை ஒன்றே போதும். அதனைக் கட்டி, கதவருகே ஆணியில் மாட்டி வைப்போம். மாதத்துக்கு ஒரு முறை திறந்து பார்த்து, தீர்ந்த மருந்தையும் பழைய பிஸ்கட்டையும் மாற்றி வைப்போம். பை தயாராய் இருக்குமாயின், நம் பெயர் அழைக்கப்படும் வரை நாமும் பொறுமையாய்க் காத்திருக்க இயலும்.