1429-ல் டெல்டா சொன்ன ‘முடியாது’

‘பிரதிநிதித்துவம் இல்லாமல் வரி இல்லை.’ ஸ்கூல்ல அமெரிக்கக் குடியேற்றங்கள் பாடத்துல இந்த ஒரு வரியை மனப்பாடம் பண்ணியே மார்க் வாங்கினவன் நான். 1765-ல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் முத்திரை வரி போட்டது. அந்தப் பாராளுமன்றத்தில் குடியேற்றங்களுக்கு ஒரு உறுப்பினர்கூட கிடையாது. எங்களைக் கேட்காம எங்ககிட்ட எப்படி வசூலிப்பீங்கன்னு கொதிச்சாங்க.

அதுக்கு 336 வருஷம் முன்னாடியே நம்ம காவிரிக்கரையில் கிட்டத்தட்ட இதே கேள்வி எழுந்திருக்கு. அது எந்தப் பாடத்திலும் எனக்கு வரல.

1429. விஜயநகர அரசர் இரண்டாம் தேவராயர் காலம். அதிகாரிகளின் வரிக்கொடுமை தாங்காமல், வலங்கை 98 பிரிவினரும் இடங்கை 98 பிரிவினரும் ஒண்ணா கூடினாங்க. பிற்காலத்தில் அடிக்கடி மோதிக்கொண்ட அதே வலங்கை, இடங்கைதான்! தஞ்சைப் பகுதியில் திருவைகாவூர், கொறுக்கை கோயில் கல்வெட்டுகளில் அவங்க முடிவு இருக்கு. வெறும் கோபம் இல்லை, பக்காவான ரேட் கார்டு: நெல்லுக்கு இவ்வளவு, வாழை, கரும்புக்கு இவ்வளவு, தறிக்கு இவ்வளவு. விருத்தாசலம் கல்வெட்டு இன்னும் ஒரு படி மேலே போகுது: வரி வசூலிப்பவர்களுக்கு யாரும் இடம் கொடுக்கக் கூடாது, கணக்கு எழுதித் தரவும் கூடாது.

கவனிங்க, கணக்கு எழுத ஆள் இல்லைன்னா வசூல் நடக்காது. சிஸ்டம் எங்கே நிக்கும்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு.

இந்தத் துணிச்சல் ஒரே நாளில் வந்ததில்லை. அமெரிக்காவில் வர்ஜீனியாவின் மக்கள் அவை 1619-லேயே கூடிவிட்டது. முத்திரை வரி வந்தப்போ, 146 வருஷம் உட்கார்ந்து பேசிப் பழகிய கை இருந்தது. இங்கேயும் சோழர் காலத்திலிருந்தே ஊர், சபை, நாடு என்று கூட்டங்கள் உண்டு. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர் கல்வெட்டு (921) குடவோலைக்காக மட்டும் பேசப்படுது. எனக்குப் பிடிச்சது வேற விதி: வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி நிற்க முடியாது, அவருடைய உறவினரும் நிற்க முடியாது.

பெருமைப்படும்போது ஒண்ணை மறைக்கக் கூடாது. உத்திரமேரூர் பிராமணர் சபை. கால் வேலி வரிகட்டும் நிலமும் சொந்த மனையில் வீடும் வேணும். பெண்களுக்கு இடமில்லை, நிலமற்றவர்களுக்கும் இல்லை. வர்ஜீனியா அவை கூடிய அதே 1619-ல்தான் அங்கே ஆப்பிரிக்க அடிமைகள் வந்து இறக்கப்பட்டாங்க. ‘நாங்கள்’ என்ற சொல்லுக்குள் யார் யார் என்பதுதான் இரண்டு இடத்திலும் நிஜமான கேள்வி.

அந்தக் கேள்விக்கு இன்றைய சட்டம் நல்ல பதிலே தந்திருக்கு. 73-வது திருத்தத்துக்குப் பிறகு, ஊராட்சி வாக்காளர் பட்டியலில் பேர் இருக்கிற எல்லாருமே கிராம சபை உறுப்பினர். நிலம் வேண்டாம், சாதி வேண்டாம். தமிழ்நாட்டில் வருஷத்துக்கு 6 முறை கூடுது. வரவு செலவைக் கேட்கலாம்.

எங்க ஊர் வாய்க்கால் தூர்ந்து கிடக்குன்னு அப்பா மூணு வருஷமா திண்ணையில் புலம்புறார். எனக்கு 21 வயசு. ஓட்டு இருக்கு. கிராம சபைக்கு ஒருமுறைகூட போனதில்லை, ஹாஸ்டலில் தூங்கியிருக்கேன்.

அடுத்தது அக்டோபர் 2. பஸ் ஏறப் போறேன். நீங்க?