ஜன்னல் கதவும் இல்லத்தார் நலமும்

வீட்டிற்குக் காற்றும் வெளிச்சமும் தருவது ஜன்னல். அதன் கதவை நம் கையாலேயே செய்துகொள்ளும்போது மரத்தின் விலையையும் உறுதியையும் பார்க்கிறோம். அக்கதவால் எழும் தூசியும் வாடையும் சிலருக்குத் தும்மல், இளைப்பு, தோல் அரிப்பு ஆகியவற்றை உண்டாக்கக்கூடும் என்பதையும் சேர்த்துப் பார்த்தல் வேண்டும். இதற்கு ஒவ்வாமை என்று பெயர்.

முதலாவது, சாக்கும் கனத்த துணியும். இவற்றின் இழைகளில் தூசி தங்கும்; ஈரம் மிகுந்த காலத்தில் கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சிகள் பெருகும். இளைப்பு நோயாளி உள்ள வீட்டில் இவற்றை நீக்குவதே நலம். ஓலைத் தட்டியும் வெட்டிவேர்த் தட்டியும் ஈரத்துடனே கிடந்தால் பூஞ்சணம் பூக்கும். எனவே அவற்றை அடிக்கடி வெயிலில் உலர்த்துதல் அவசியம்.

இரண்டாவது, மரம். நன்கு உலர்ந்த வேப்பம் பலகை நம் ஊர்களில் எளிதில் கிடைப்பது. பூச்சி அரிப்பையும் தாங்குவது. தேக்கும் சிறந்ததே, ஆயினும் அறுக்கும்போது அதன் தூள் சிலர் தோலில் அரிப்பை உண்டாக்கும். மரத்தூள் எதுவாயினும் சுவாசத்திற்குத் தீங்கானது. மரத்தூள் புற்றுநோயை விளைவிக்கக்கூடியது என உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1995-இல் வகைப்படுத்தியது. ஆகவே அறுப்பதையும் இழைப்பதையும் வெளித் திண்ணையில், மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு செய்க. குழந்தைகளை அப்பால் அனுப்புக.

மரத்தூளைப் பசையால் அழுத்திச் செய்த பலகை மலிவாகக் கிடைக்கலாம். ஆனால் அப்பசை பார்மால்டிஹைடு கலந்ததாயின், அதன் ஆவி கண்ணையும் தொண்டையையும் எரிக்கும். மழை பட்டால் பலகையும் உப்பிப்போகும். ஜன்னலுக்கு அது ஏற்றதன்று.

மூன்றாவது, பூச்சு. முந்திரிக் கொட்டை எண்ணெய் கறையானைத் தடுக்கும். ஆயின் காய்ச்சாத எண்ணெய் கையில் பட்டால் கொப்புளம் எழும். ஆளிவிதை எண்ணெய் மேலானது. அதில் நனைந்த கந்தையைச் சுருட்டிப் போட்டால் தானே தீப்பற்றக்கூடும், விரித்து உலர்த்துக. வர்ணம் வாங்குவோர் ஈயம் நீக்கியதா எனக் கேட்டறிக. 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி, வீட்டு வர்ணத்தில் பத்து லட்சம் பங்கிற்கு 90 பங்குக்கு மேல் ஈயம் இருத்தல் கூடாது. பழைய வர்ணத்தைச் சுரண்டும்போது தூசி எழாமல் ஈரப்படுத்திச் சுரண்டுக.

கதவு வழவழப்பாகவும் இடுக்கு குறைந்ததாகவும் இருப்பின் ஈரத்துணியால் துடைத்தால் போதும். வர்ணத்தின் வாடை அடங்கும்வரை அதனை வெளியில் வைத்திருந்து பின்னர் மாட்டுக. பஞ்சாயத்து உறுப்பினர்கள் பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் ஜன்னல் அமைக்கையில் இவற்றைத் தச்சரிடம் முன்னரே எடுத்துரைத்தால், சிறு குழந்தைகளின் மூச்சுக்கு நாம் காவலாவோம்.