பழைய வாகனத்தின் பிறேக் எச்சரிக்கை விளக்கு: காரணத்தை அறியும் முறை

ரொறன்ரோ வீதிகளில் குளிர்காலத்தில் தூவப்படும் உப்பு பனிக்கட்டியை உருக்கி விபத்துகளைக் குறைக்கின்றது. அதே உப்பு, வாகனத்தின் அடிப்புறத்தில் செல்லும் உருக்குப் பிறேக் குழாய்களை ஆண்டுக்காண்டு அரிக்கின்றது. எனவே, பழைய வாகனத்தில் சிவப்புப் பிறேக் விளக்கு எரிந்தால், திரவத்தை ஊற்றி விளக்கை அணைப்பது பரிகாரம் ஆகாது. திரவம் எங்கே போயிற்று என்பதைக் கண்டறிவதே பரிகாரத்தின் தொடக்கமாகும்.

விளக்கின் நிறம்

வட்டத்தினுள் வியப்புக்குறியுடன் எரியும் சிவப்பு விளக்கு, பிறேக் அமைப்பையே குறிக்கின்றது. மஞ்சள் நிற ஏபிஎஸ் விளக்கு மட்டும் எரிந்தால், வழமையான பிறேக் பொதுவாக இயங்கும். ஆயினும் வழுக்கும் வீதியில் சக்கரங்கள் பூட்டிக்கொள்ளக்கூடும். இரண்டும் சேர்ந்து எரிந்தால் வாகனத்தை ஓட்டுதல் ஆகாது.

படிமுறைச் சோதனை

வாகனத்தைச் சமதரையில் நிறுத்தி, பின்வரும் ஒழுங்கில் சோதியுங்கள்.

1. கைப் பிறேக் முழுமையாக விடுவிக்கப்பட்டுள்ளதா எனப் பாருங்கள். அதன் சுவிட்ச் பழுதடைந்தாலும் இதே விளக்கு எரியும்.

2. பிறேக் மிதியை அழுத்துங்கள். அது மெத்தென்று இருந்தாலோ, தரைவரை இறங்கினாலோ, அழுத்திப் பிடித்திருக்கையில் மெல்லத் தாழ்ந்தாலோ, சோதனையை அத்துடன் நிறுத்தி இழுவை வாகனத்தை அழையுங்கள்.

3. பொனட்டைத் திறந்து, பிறேக் திரவக் கலனின் மேல், கீழ்க் குறிகளுக்கு இடையில் திரவம் உள்ளதா எனப் பாருங்கள். கலனில் போதிய திரவம் இருந்தும் விளக்கு எரிந்தால், மட்ட உணரி, மின்னிணைப்பு அல்லது பிறேக் அமுக்கம் ஆகியவற்றில் கோளாறு இருக்கலாம்.

4. திரவம் குறைந்திருந்தால், பிறேக் பாட்கள் தேய்ந்துள்ளனவா எனப் பாருங்கள். அவை தேயத் தேயத் திரவ மட்டம் மெதுவாகத் தாழ்வது இயல்பு.

5. பாட்கள் தேயாமலிருந்தும் மட்டம் தாழ்ந்திருந்தால், அது கசிவே எனக் கொள்ளுங்கள். சக்கரங்களின் உட்புறத்திலும் வாகனத்தின் அடியிலும் ஈரம் உண்டா எனப் பாருங்கள். ஈரம் தென்படாமை கசிவின்மைக்குச் சான்றாகாது. குழாய்களின் சில பகுதிகள் எரிபொருள் தாங்கிக்கு மேலே மறைந்து செல்கின்றன.

"வாகனம் இன்னும் நிற்கின்றதே" என்ற ஆறுதல் ஆபத்தானது. தற்காலக் கார்களின் பிறேக் அமைப்பு இரு தனிச் சுற்றுகளைக் கொண்டது. ஒரு குழாய் வெடித்தாலும் மற்றைய சுற்று இயங்கும். ஆனால் வாகனம் நிற்பதற்கு மிக நீண்ட தூரம் தேவைப்படும். பாதசாரிக் கடவையில் அத்தூரம் கிடைப்பதில்லை.

2015 இல் கிடைத்த படிப்பினை

துருப்பிடித்த பிறேக் குழாய்கள் பற்றிய நீண்ட விசாரணையை அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2015 ஏப்ரலில் முடித்தது. வீதி உப்புப் பயன்படும் மாநிலங்களில் 2007 அல்லது அதற்கு முற்பட்ட மாதிரி வாகனங்களை வைத்திருப்போர், குளிர்காலம் முழுவதும் அடிப்புறத்தைக் கழுவவும் குழாய்களைச் சோதிப்பிக்கவும் வேண்டும் என அது அறிவுறுத்தியது. உப்புத் தூவப்படும் நம் நகருக்கும் இது பொருந்தும்.

கராஜில் உங்கள் உரிமைகள்

குழாய் மாற்றுதல் பயிற்சி பெற்ற தொழில்நுட்பவியலாளரின் பணி. ஒன்ராறியோவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வேலை தொடங்குமுன் எழுத்து மூல மதிப்பீட்டைப் பெற உங்களுக்கு உரிமை உண்டு. இறுதிக் கட்டணம் அம்மதிப்பீட்டை 10 சதவீதத்துக்கு மேல் விஞ்சக்கூடாது. புதிய பாகங்களுக்கும் அவற்றைப் பொருத்திய வேலைக்கும் 90 நாள்கள் அல்லது 5,000 கிலோமீற்றர், இவற்றுள் எது முந்துகின்றதோ அதுவரை, உத்தரவாதம் உண்டு. கழற்றிய பழைய குழாயைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அதன் துருவே பழுதின் காரணத்தைக் காட்டும்.

மீட்டற் பயிற்சி

சாவியைத் திருப்பியவுடன் பிறேக் விளக்கு ஒரு கணம் எரிந்து, பின்னர் அணைய வேண்டும். நாளை காலை உங்கள் வாகனத்தில் இதைக் கவனியுங்கள். விளக்கு ஒருபோதும் எரியாவிட்டால் அதன் குமிழோ இணைப்போ பழுதடைந்திருக்கலாம். அவ்வாறாயின், பிறேக் பழுதுபடும் வேளையிலும் அது உங்களை எச்சரிக்காது.