பழுப்புத் தண்ணீரும் பதின்மூன்றாவது ரீசார்ஜும்

அன்புள்ள வத்தலக்குண்டு வாசகருக்கு,

உங்கள் நீண்ட கடிதமும் ரசீது நகல்களும் வந்து சேர்ந்தன. கடைசிப் பக்கத்தில் கையெழுத்து சாய்ந்திருக்கிறது, கோபம் அங்கேதான் ஏறியிருக்க வேண்டும். தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம், மாதம் முடிவதற்குள் முடிந்துபோகும் செல்போன் ரீசார்ஜ், வாரண்டி தீர்ந்த கையோடு திரையில் கோடு விழுந்த டிவி என்று மூன்று வழக்கு வைத்திருக்கிறீர்கள். "எல்லாரும் சேர்ந்து ஏமாத்துறாங்களா, இல்ல நமக்குத்தான் வெவரம் பத்தலையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டிலும் கொஞ்சம் உண்டு. ஆனால் மூன்றையும் ஒரே கோபத்தில் கட்டினால் ஒன்றும் நடக்காது. தண்ணீர் விஷயத்தில் உங்கள் கை ஓங்கியிருக்கிறது. டிவி விஷயத்தில் அப்படி இல்லை. பிரித்துப் பிரித்தே எழுதுகிறேன்.

முதலில் தண்ணீர். திண்டுக்கல் பக்கம் இந்த இயந்திரத்தை விற்க ஒருவன் பெரிதாகப் பேச வேண்டியதில்லை. டவுனில் ஆத்தூர் காமராஜர் அணைத் தண்ணீரோ காவிரித் தண்ணீரோ விடும் நாளில் 'நல்ல தண்ணி' என்று குடம் குடமாகப் பிடித்து வைக்கிறோம். மற்றதெல்லாம் 'உப்புத் தண்ணி', போரிலிருந்து ஏறுவது. தோல் ஷாப்புகளை ஒட்டிய ஊர்களில் கிணறுகள் என்ன ஆயின என்பதையும் பார்த்தவர்கள் நாம். பயம் ஏற்கெனவே வீட்டுக்குள் இருக்கிறது. விற்பவன் அதற்கு ஒரு நிறம் காட்டினால் போதும்.

அந்த நிறத்தை எங்கள் தெருவில் காட்டியதைப் பார்த்தேன். வந்த பையன் பையிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்தான். இரண்டு கண்ணாடி டம்ளர் கேட்டான். ஒன்றில் வீட்டுக் குழாய்த் தண்ணீர், மற்றதில் அவன் விற்கும் ஆர்.ஓ. சுத்திகரிப்பு இயந்திரத்தில் வடிகட்டி, பாட்டிலில் கொண்டுவந்த தண்ணீர். பெட்டியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த உலோகக் கம்பிகளை இரண்டிலும் முக்கி, பிளக்கைச் சொருகினான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே குழாய்த் தண்ணீர் கலங்கியது, பச்சை தட்டியது, பிறகு பழுத்து மேலே நுரை கட்டியது. அவன் கொண்டுவந்தது அப்படியே தெளிவாக நின்றது. "இதத்தான்க்கா இத்தன நாளா பிள்ளைகளுக்குக் குடுத்துட்டு இருந்தீங்க" என்றான். பக்கத்து வீட்டு அக்கா முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முன்பணம் அந்த இடத்திலேயே கைமாறியது.

நடந்தது இதுதான். தண்ணீரில் மின்சாரம் ஓட உப்பு கரைந்திருக்க வேண்டும். குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்பு, மக்னீசியம் எல்லாம் இருப்பதால் மின்சாரம் ஓடுகிறது, ஓடும்போது அந்த இரும்புக் கம்பி கரைகிறது. டம்ளரில் தெரிந்த பழுப்பு கம்பியின் துரு. ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு அநேகமாக இல்லை என்பதால் கம்பிக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்த முறை யாராவது பெட்டியைத் திறந்தால், அவர் கொண்டுவந்த தண்ணீரிலேயே ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டுவிட்டு மறுபடி பிளக்கைப் போடச் சொல்லுங்கள். அதுவும் பழுக்கும்.

இதனால் ஆர்.ஓ. இயந்திரமே வேண்டாம் என்று சொல்லவில்லை. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் குடிநீர் அளவுகோல், கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது. வேறு வழியே இல்லாத ஊருக்கு 2000 வரை அனுமதிக்கிறது. உங்கள் போர் தண்ணீர் அந்த 500ஐத் தாண்டியிருந்தால் இயந்திரம் நியாயம். பொதுக் குழாயில் வரும் தண்ணீர் அதற்குள் இருந்தால், ஒரு குடத்துக்கு இரண்டு மூன்று குடத்தைச் சாக்கடைக்கு அனுப்பி வடிகட்டுவதில் அர்த்தமில்லை. 500க்குக் கீழே உள்ள தண்ணீருக்கு ஆர்.ஓ. கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019 மே மாதமே சொன்னது. விற்க வருகிறவர் சட்டைப்பையில் அளக்கும் கருவியான டிடிஎஸ் மீட்டர் எப்போதும் இருக்கும். இரண்டு குழாயையும் தனித்தனியாக அளந்து காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலும் போர் குழாயை மட்டும்தான் அளப்பார்கள்.

இனி உங்கள் ஏ.எம்.சி. விவகாரம். ஆண்டுப் பராமரிப்புக்குப் பணம் கட்டினீர்கள், ஆள் ஒரு தரம் வந்து துடைத்துவிட்டுப் போனார், அடுத்த தரம் "மெம்பிரேன் போயிருச்சுங்கய்யா, அது ஏ.எம்.சி.ல வராது" என்று தனியாகக் காசு கேட்டார். நீங்கள் அனுப்பிய நகலின் பின்பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தேன். ஃபில்டர், உப்பை வடிகட்டும் மெம்பிரேன், பம்ப் எதுவும் சேராது என்று பொடி ஆங்கிலத்தில் இருக்கிறது. அந்த மூன்றையும் கழித்தால் இயந்திரத்தில் மிஞ்சுவது பிளாஸ்டிக் கூடும் திருகாணியும்தான். ஆனால் முன்பக்கத்தில், விற்றவர் பேனாவால் 'ஃபுல் சர்வீஸ் 1 வருசம்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறார். ஐயா, அந்த ஒரு வரியைப் பத்திரமாக வையுங்கள். உங்கள் வழக்கே அதுதான்.

பொடி எழுத்து, தொலைதூரக் கால் சென்டர், ஊர் ஊராக மாறும் சர்வீஸ் ஆள் என்று எல்லாம் சேர்ந்து ஒரு ஏற்பாடு. விற்கும்போது வீட்டுத் திண்ணை வரை வருவார்கள், பதில் சொல்லும்போது ஒரு எண்ணை அழுத்தச் சொல்வார்கள். இது புதுக் காலத்து அக்கிரமம், அந்தக் காலத்துத் தொழிலாளி அப்படி இல்லை என்று நீங்கள் திண்டுக்கல் பூட்டை உதாரணம் காட்டியிருக்கிறீர்கள். அதில் எனக்குப் பாதி சம்மதம்தான். அந்தக் கைப்பூட்டும் நம்மைக் கட்டித்தான் போட்டது. ஒரு பூட்டின் சாவி இன்னொன்றுக்குச் சேராது என்பதுதான் அதன் பெருமையே. சாவி தொலைந்தால் செய்தவரிடமே போக வேண்டும், வாரண்டி அட்டையும் கிடையாது. ஆனால் அவர் நாகல் நகர் பக்கம் பட்டறையில் உட்கார்ந்திருந்தார், போய் நின்று சண்டை போட முடிந்தது. பிறகு அலிகாரிலிருந்து விலை குறைந்த பூட்டு வந்தது, நாமும் அதைத்தான் வாங்கினோம். 2019ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது பட்டறைகள் ஏற்கெனவே குறைந்துபோயிருந்தன. யார்மேல் வழக்குப் போட?

ரீசார்ஜுக்கு வருகிறேன். நீங்கள் போட்ட கணக்கு சரிதான். 28 நாள் திட்டத்தில் வருடத்துக்குப் பன்னிரண்டு அல்ல, பதின்மூன்று முறை பணம் கட்டுகிறோம். 2024 ஜூலை தொடக்கத்தில் ஜியோ, ஏர்டெல், வி மூன்றும் ஒரே வாரத்தில் விலையை ஏற்றின. அப்போது ஏர்டெலின் 28 நாள் ஆரம்பத் திட்டம் 179 ரூபாயிலிருந்து 199 ஆனது. அந்த விலையில், பதின்மூன்றாவது ரீசார்ஜ் மட்டும் ஒரு குடும்பத்தில் நாலு போனுக்கு வருடம் 800 ரூபாய்க்கு நாலு ரூபாய்தான் குறைவு. இந்த முணுமுணுப்பு தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் காதிலும் விழுந்திருக்கிறது. ஒவ்வொரு நிறுவனமும் 30 நாள் திட்டம் ஒன்றும், மாதாமாதம் அதே தேதியில் புதுப்பிக்கும் திட்டம் ஒன்றுமாவது வைத்தாக வேண்டும் என்று 2022 ஜனவரியில் உத்தரவிட்டது. வைத்தார்கள். கடைக்காரர் அதைச் சொல்ல மாட்டார், செயலியில் கீழே உருட்டிக்கொண்டே போனால்தான் கண்ணில் படும். 'மாதாந்திரத் திட்டம்' என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். விலை கொஞ்சம் கூடத்தான் இருக்கும், நாள் கணக்கில் வகுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

நெட் தடைபட்டபோது வழக்குப் போடலாமா என்று ஒரு வக்கீலைக் கேட்டதாகவும், தொலைபேசி வழக்கு நுகர்வோர் மன்றத்தில் செல்லாது என்று அவர் கைவிரித்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். அவர் சொன்னது பழைய கதை. 2009ல் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது, பழைய தந்திச் சட்டத்தைக் காட்டி. 2022 பிப்ரவரியில் வோடஃபோன் ஐடியா வழக்கில் அதே நீதிமன்றம், தொலைத்தொடர்பு சேவைக் குறைபாட்டுக்கும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்று கதவைத் திறந்துவிட்டது. வக்கீலிடம் கோபித்துக்கொள்ளாதீர்கள், கிடைக்கும் நஷ்ட ஈட்டை நினைத்தால் அந்த வழக்கில் அவருக்கும் ஆர்வம் வராது.

டிவியில் உங்களுக்கு ஆறுதலாகச் சொல்ல அதிகமில்லை. வாரண்டி தீர்ந்துவிட்டது, பேனல் மாற்றும் செலவு புது டிவி விலையை நெருங்குகிறது. ரிப்பேர் செய்யும் உரிமை என்று மத்திய அரசு 2022 டிசம்பர் 24 அன்று ஓர் இணையதளத்தைத் திறந்தது. உதிரி பாகம், சர்வீஸ் சென்டர் விவரங்களை நிறுவனங்கள் அதில் போடுகின்றன. பாகத்தின் விலையைக் கட்டுப்படுத்தும் சட்டம் அல்ல அது. தயாரிப்பிலேயே குறை என்று நிரூபிக்க முடிந்தால் வழக்கு நிற்கும். ஆனால் ஆணையம் அதை ஆய்வகத்துக்கு அனுப்பினால் அந்தச் செலவை முதலில் நீங்கள் கட்ட வேண்டிவரும். என்னைக் கேட்டால், டிவியை இப்போதைக்கு விடுங்கள்.

கடைக்காரரும் கூட்டுக் களவாணி என்று எழுதியிருக்கிறீர்கள். எப்போதும் அப்படியில்லை. 2024 ஏப்ரலில் தென்னிந்திய செல்போன் கடைகளின் சங்கம், மே முதல் தேதியிலிருந்து ஒன்பிளஸ் போன்களை விற்க மாட்டோம் என்று அந்த நிறுவனத்துக்கே எழுதியது. சுமார் 4500 கடைகள். லாப விகிதம் குறைவு என்ற புகாரோடு, வாரண்டி கோரிக்கைகள் தீராமல் இழுத்தடிக்கப்படுகின்றன என்ற புகாரும் அதில் இருந்தது. கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவரும் அதே கால் சென்டரைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

இப்போது செய்ய வேண்டியது. போனில் கத்துவதை நிறுத்துங்கள். நம் குரலைக் கேட்பதற்கென்றே சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருக்கிறார்கள், அது அவர்களுக்கு மலிவு. ஒரு முழுத்தாளில், தமிழிலேயே, வாங்கிய தேதி, கட்டிய தொகை, ரசீதின் முன்பக்க வாசகம், ஆள் வந்த தேதிகள், புகார் எண்கள், உங்களுக்கு என்ன வேண்டும், எத்தனை நாளுக்குள் வேண்டும் என்று எழுதி, ரசீதில் உள்ள நிறுவன முகவரிக்கு ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். நகலும் தபால் ரசீதும் உங்களிடம் இருக்கட்டும். கூடவே 1915க்குப் பேசி தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் புகாரைப் பதியுங்கள், தமிழில் பேசலாம். உத்தரவு போடும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. இருந்தாலும் நிறுவனத்தின் உள்ளே உங்கள் காகிதம் வேறு மேசைக்கு நகரும்.

அதற்கும் அசையாவிட்டால் திண்டுக்கல்லுக்கு வாருங்கள். இங்கே மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. முன்பு இருந்த 1986 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி எதிராளி இருக்கும் ஊரிலோ, கிளை உள்ள இடத்திலோ, விவகாரம் முளைத்த இடத்திலோதான் வழக்கு. பெங்களூரு முகவரிக்காரன்மேல் இங்கே போட்டால் 'இந்த மன்றத்துக்கு அதிகாரமில்லை' என்ற வாதத்திலேயே ஒரு வருடம் போகும். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019 சட்டம் அதை மாற்றியது. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். நீங்கள் கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. இணையத்திலும் பதியலாம். குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், அதை மட்டும் தவறவிடாதீர்கள். எதிராளிக்கு நோட்டீஸ் சேர்ந்து மூன்று மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அதை நம்பி நாள் குறித்துவிடாதீர்கள், வாய்தா இங்கேயும் உண்டு.

மெம்பிரேன் விலைக்காக இத்தனை அலைச்சலா என்று வீட்டில் கேட்பார்கள். கேட்பது நியாயம். பலரும் அந்தக் கேள்வியோடு நின்றுவிடுவதால்தான் ரசீதின் பின்பக்கம் வருடா வருடம் நீண்டுகொண்டே போகிறது. ஆனால் அதற்காக உங்கள் உடம்பைக் கெடுத்துக்கொள்ளச் சொல்ல மாட்டேன். கடிதம் வரைக்கும் கட்டாயம் செய்யுங்கள். ஆணையம் உங்கள் தெம்பைப் பொறுத்தது.

அன்புடன்,
திண்டுக்கல்லிலிருந்து

பி.கு.: உங்கள் அம்மாவின் பட்டன் போனுக்கும் டேட்டாவோடு சேர்த்துத்தான் போடுகிறீர்கள் என்று ரசீதில் பார்த்தேன். டேட்டா வேண்டாதவர்களுக்குப் பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டும் உள்ள திட்டம் தர வேண்டும் என்று டிராய் 2024 டிசம்பரில் உத்தரவிட்டு, 2025 ஜனவரி முதல் அவை வந்துவிட்டன. 84 நாளுக்கும் உண்டு, ஒரு வருடத்துக்கும் உண்டு. அடுத்த தரம் 'வாய்ஸ் மட்டும்' என்று கேட்டுப் போடுங்கள். அப்புறம், ஏ.எம்.சி.யைப் புதுப்பிக்கச் சொல்லி அந்த ஆள் சனிக்கிழமை வருவதாகச் சொன்னீர்களே. எந்தெந்த பாகம் சேரும் என்று முன்பக்கத்தில் எழுதித் தரும்வரை காசை எடுக்காதீர்கள்.