திண்ணை போன பிறகு நாய் எங்கே தூங்கும்?

மாட்டுக்குத் தொழுவம், ஆட்டுக்குப் பட்டி, கோழிக்குப் பஞ்சாரம், புறாவுக்கு மாடம். நாய்க்கு மட்டும் அப்படியொரு சொல் பேச்சுவழக்கில் நிலைக்கவில்லை. திண்ணையில் படுத்தது, வாசலில் புரண்டது, தெரு முழுக்க அதன் வீடாக இருந்தது. திண்ணையும் வாசலும் போய் மூன்றாம் மாடிக்கு நாம் குடிவந்தபோது நாயும் கூடவே ஏறி வந்துவிட்டது. அதற்கான இடம் எது என்பதில் மட்டும் பழைய நினைப்புகளே நம்மிடம் இருக்கின்றன. நாயோடு சென்னையில் வாடகை வீடு தேடி அலைந்தவள் நான். அலைந்த இடங்களில் காதில் விழுந்தவற்றுக்கு இங்கே பதில் சொல்லப் பார்க்கிறேன்.

நம்பிக்கை: அசோசியேஷன் தீர்மானம் போட்டுவிட்டால் நாய், பூனை வளர்க்க முடியாது.

உண்மை: இந்திய விலங்குகள் நல வாரியம் 2015 பிப்ரவரியில் குடியிருப்போர் சங்கங்களுக்கென்றே வழிகாட்டுதல்களை வெளியிட்டது. பெரும்பான்மையோர் ஒப்புக்கொண்டாலும் செல்லப்பிராணிகளுக்குத் தடை போட முடியாது என்று அதில் தெளிவாக இருக்கிறது. லிஃப்டில் ஏற்றக் கூடாது என்று சொல்வதும், ஏற்றுவதற்குத் தனிக் கட்டணம் கேட்பதும் தவறு. 2021இல் கேரள உயர் நீதிமன்றமும் இத்தகைய தடை விதிகள் செல்லாது, அரசியலமைப்புக்கு முரணானவை என்று தீர்ப்பளித்தது. உயிர்களிடம் இரக்கம் காட்டுவது குடிமக்களின் கடமை என்கிறது அரசியலமைப்பின் 51ஏ(ஜி) பிரிவு.

அதே வழிகாட்டுதல்களில் நமக்கான பக்கமும் உண்டு. பொது இடத்தில் வாரைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும், நாய் அசுத்தம் செய்தால் நாமே அள்ள வேண்டும், தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். இந்தப் பக்கத்தைப் படிக்காமல் முதல் பக்கத்தை மட்டும் நகலெடுத்துக்கொண்டு சங்கக் கூட்டத்துக்குப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சண்டைதான் மிஞ்சியது. எதிர்வீட்டுப் பாட்டிக்கு நாய் என்றால் பயமென்றால், அவர் ஏறிய லிஃப்ட் போகட்டும் என்று ஒரு நிமிடம் நின்றாலே பாதி விரோதம் குறைந்துவிடும்.

நம்பிக்கை: அப்படியானால் வீட்டு ஓனரும் மறுக்க முடியாது.

உண்மை: இது வேறு விஷயம். தன் வீட்டை யாருக்கு வாடகைக்கு விடுவது என்பதை ஓனர்தான் முடிவு செய்வார். நான் முதல் வீட்டுக்கு நாயைப் பற்றி வாயே திறக்காமல் குடிபோனேன். இரண்டாம் வாரமே காலி செய்யச் சொன்னார்கள். அன்று ஆத்திரமாக இருந்தது. யோசித்துப் பார்த்தால் பிழை என்னுடையது. அடுத்த முறை புரோக்கரிடம் முதல் போனிலேயே சொன்னேன். பத்து வீடு கை நழுவியது, பதினோராவது வீட்டில் நிம்மதியாக இருக்கிறேன்.

2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருந்தாக வேண்டும். நாயையும் அதிலேயே எழுதிவிடுங்கள்: எத்தனை பிராணி, கதவில் நகக்கீறல் விழுந்தால் யார் செலவு, காலி செய்யும்போது அட்வான்ஸில் எதற்கெல்லாம் பிடிக்கலாம். தடுப்பூசி அட்டையையும் மாநகராட்சி உரிமத்தையும் கேட்பதற்கு முன்பே எடுத்துக் காட்டினால் ஓனருக்கும் தயக்கம் குறையும்.

நம்பிக்கை: ஃபிளாட்டில் பெரிய நாய் வளர்ப்பது பாவம், சின்ன நாய் என்றால் சரி.

உண்மை: உடலின் அளவைவிட இயல்புதான் முக்கியம். சிப்பிப்பாறையும் கன்னியும் வேட்டைக்கு ஓடிய இனங்கள். காலையும் மாலையும் நன்றாக ஓடவிட்டால் மீதி நேரம் சுருண்டு தூங்கும், ஓடவிடாவிட்டால் சோபாவைக் கிழிக்கும். சின்னஞ்சிறு பொமரேனியன் படியில் காலடி கேட்டாலே குரைத்துக் கட்டடத்தையே எழுப்பிவிடும். அடர்ந்த ரோமத்தோடு பனிநாட்டில் வண்டி இழுத்த ஹஸ்கியைச் சென்னைக்குக் கொண்டுவருவதுதான் என் மனதுக்கு ஒப்பாதது.

நம்பிக்கை: உள்ளே இடமில்லை என்றால் மொட்டை மாடியில் கட்டிவிடலாம். காற்றோட்டமான இடம்.

உண்மை: சித்திரை மாதம் பகல் இரண்டு மணிக்குச் செருப்பில்லாமல் மொட்டை மாடியில் நின்று பாருங்கள். நாய்க்கு நம்மைப்போல் உடல் முழுவதும் வியர்க்காது. பாதங்களில்தான் கொஞ்சம் வியர்க்கும், மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்தே சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். சுற்றிலும் அனல் காற்றாக இருந்தால் அதுவும் உதவாது. பக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு இதில் உயிரே போகும். மேலே தகர ஷீட் போட்டால் நிழல் கிடைக்கும், ஆனால் அந்தத் தகரமே அடுப்பாகிவிடும்.

சட்டமும் இதைப் பேசுகிறது. நியாயமற்ற அளவுக்குக் குட்டையான சங்கிலியில் நெடுநேரம் கட்டிப்போடுவது, எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாயை நடக்க விடாமலிருப்பது, போதிய தங்குமிடம் தராமலிருப்பது எல்லாம் 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றங்கள். முதல் முறைக்கு அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை. ஓர் உயிரின் வேதனைக்கு இத்தனை ஆண்டுகளாக இதுதான் விலை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

நம்பிக்கை: பூனை எங்கிருந்து விழுந்தாலும் காலில் நிற்கும்.

உண்மை: காலில் நிற்கலாம், அந்தக் கால் உடைந்திருக்கும். தாடையும் உடையும், நெஞ்சிலும் அடிபடும். பால்கனிக்கும் ஜன்னலுக்கும் வலை அடியுங்கள். புறாவுக்கு அடிக்கிற வலையைப் பூனை கடித்துவிடக்கூடும், அதனால் கெட்டியானதாகக் கேளுங்கள்.

நம்பிக்கை: பெரிய கூண்டு வாங்கினால் பச்சைக்கிளி வளர்க்கலாம்.

உண்மை: கூண்டு எவ்வளவு பெரியதானாலும் கூடாது. நம் ஊர்க் கிளியையும் நட்சத்திர ஆமையையும் வீட்டில் வைத்திருப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

நம்பிக்கை: ஊருக்குப் போகும்போது போர்டிங்கில் விட்டால் போதும். கட்டணம் அதிகம் என்றால் வசதியும் அதிகம்.

உண்மை: ஏசி அறை, கேமரா, போட்டோ எல்லாம் இருக்கட்டும். தடுப்பூசி அட்டையைக் கேட்காமல் நாயைச் சேர்த்துக்கொள்கிற இடத்தில் விடவே விடாதீர்கள். பார்வோ வைரஸ் தரையிலும் பாத்திரத்திலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். உங்கள் நாயிடம் கேட்காதவர்கள் பக்கத்துக் கூண்டு நாயிடமும் கேட்டிருக்க மாட்டார்கள். பூனைகளுக்கு நாய் கண்ணில் படாத தனி அறை இருக்கிறதா என்று பாருங்கள். தீபாவளிக்கு விடுவதாக இருந்தால், முன்பே ஓரிரவு விட்டுப் பழக்குங்கள். நீங்கள் உடுத்திய துவைக்காத துணி ஒன்றையும் கொடுத்துவிட்டு வாருங்கள், அந்த வாசனையில் அது படுத்துக்கொள்ளும். கிளம்புமுன், ராத்திரி இங்கே யார் தங்குவார்கள் என்று கேளுங்கள். காலை ஆறு மணிக்கு ஆள் வந்துவிடும் என்று பதில் வந்தால், நாயைத் திரும்ப வண்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள்.