பாகுபதமும் கேரமல் சாஸும்

ஐஸ்கிரீமின் மேல் ஊற்றித் தரும் கேரமல் சாஸை நம் பிள்ளைகள் கடையில் கேட்டு வாங்குகிறார்கள். அது என்னவென்று அவர்கள் நம்மைக் கேட்டால் 'பாகுதான்' என்று சொல்லிவிடுகிறோம். அந்தப் பதில் பாதிதான் சரி.

திருப்பதியிலிருந்து காளத்திக்குப் போகும் வழியில் உள்ள ஏர்பேடு, 2022 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. இப்போது திருப்பதி மாவட்டம். சித்தூர்ச் சீமை கரும்புக்கும் வெல்லத்துக்கும் பெயர் பெற்றது. தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் வட்டாரம். நாம் கம்பிப் பதம் என்பதைத் தெலுங்கில் 'தீக பாகம்' என்பார்கள். முற்றிய பாகு 'முதுரு பாகம்'. நம் அதிரசம் அவர்களுக்கு அரிசெலு.

இந்தப் பதங்கள் எல்லாம் நீர் எவ்வளவு வற்றியது என்பதற்கான அடையாளங்கள். நீர் வற்ற வற்றப் பாகின் கொதிநிலை ஏறும். கம்பிப் பதம் 105 டிகிரி செல்சியஸை ஒட்டி வரும். உருட்டுப் பதம் சுமார் 115. இறுகி உடையும் பதம் சுமார் 150. அதுவரை சர்க்கரை பெரும்பாலும் சர்க்கரையாகவே இருக்கிறது. 160, 170 டிகிரியில்தான் அது சிதைந்து பொன்னிறமும் மணமும் இலேசான கசப்பும் பெறுகிறது. அதுவே கேரமல். நம் பதங்கள் முடிகிற இடத்தில் அது தொடங்குகிறது! அதில் வெண்ணெயும் பாலேடும் சேர்த்து இளக்கினால் சாஸ். ஆனால் அந்தச் சூட்டில் பாலேட்டை ஊற்றியதும் பொங்கித் தெறிக்கும். பிள்ளைகள் அருகில் நிற்கக் கூடாது.

வெல்லத்தின் சேதி வேறு. சாறு கொப்பரையில் நெடுநேரம் காயும்போதே அதிலுள்ள குளுக்கோஸ், ஃபிரக்டோஸ், அமினோ அமிலங்கள் எல்லாம் சேர்ந்து நிறமும் மணமும் ஏற்றிவிடுகின்றன. ஆகவே கேரமலை நெருங்கிய சுவை வெல்லத்தில் முன்பே இருக்கிறது. நாம் மறுபடி கருக்க வேண்டியதில்லை, கருக்கினால் கசந்துவிடும்.

200 கிராம் வெல்லத்தை 60 மில்லி நீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, மிதமான தீயில் காய்ச்சுங்கள். கம்பி வருவதற்கு முன்பே, விரலில் பிசுபிசுக்கும்போதே இறக்கிவிட வேண்டும். பழக்கத்தில் கம்பிப் பதம் வரை விட்டால், ஐஸ்கிரீமின் குளிரில் இறுகிப் பல்லில் ஒட்டும். சற்று ஆறியபின் 100 மில்லி கெட்டித் தேங்காய்ப்பாலும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்க்கலாம். மாட்டுப்பால் வேண்டாம். வெல்லத்தின் புளிப்பு அதைத் திரித்துவிடும் என்பது பாயசம் வைத்தவர்களுக்குத் தெரியும்.

குளிர்பெட்டியில் வைத்தது மறுநாள் கெட்டியாகிவிட்டால், ஒரு கரண்டி வெந்நீர் விட்டுக் கலக்கிக்கொள்ளுங்கள்.