பிடிச்ச சாப்பாடு, மிச்ச சாப்பாடு

இந்த மாதப் பாடம், பகவத் கீதை 17ஆம் அத்தியாயம், 7 முதல் 10 வரை உள்ள சுலோகங்கள். நாலுமே சாப்பாட்டைப் பற்றியவை. வகுப்பில் பலமுறை கேட்டிருக்கேன். ஆனா புரிஞ்சது எங்க வீட்டுச் சமையலறையிலதான். அதனால அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி

நான் பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவன். மாசத்துக்கு ரெண்டு தடவை ஹாஸ்டல்ல இருந்து தாப்பாவுக்கு வருவேன். ரயில் தாப்பா ரோடு ஸ்டேஷனுக்கு வர்றதுக்கு முன்னாடியே அம்மாவுக்கு வாட்ஸ்அப் போயிடும்: "மா, நெத்திலி சம்பால். உருளைக்கிழங்கு பிரட்டல். சாயங்காலத்துக்குச் சேமியா பாயசம்." தங்கச்சிக்கு சம்பால் காரம், அவளுக்குத் தனியா முட்டை. அப்பாவுக்கு கருவாடு இல்லாம சோறு இறங்காது. மூணு பேருக்கு மூணு ருசி. எல்லாத்தையும் அம்மா முகம் சுளிக்காம செய்வாங்க.

ஞாயிறு ராத்திரி நான் பையைக் கட்டும்போது, அம்மா அடுப்புப் பக்கத்துல நின்னுகிட்டே சாப்பிடுவாங்க. சட்டியில ஒட்டின சம்பாலோட ஆறிப்போன சோறு. அடியில தங்கின பாயசம். கேட்டா, "கொட்ட மனசு வரலடா"ன்னு சொல்வாங்க.

அந்த மனசு எங்கிருந்து வந்ததுன்னு எனக்குத் தெரியும். அம்மா தோட்டத்து லயத்துல பிறந்தவங்க. பாட்டி பால்மரம் சீவினவங்க. பாட்டியோட அம்மா, ஜப்பான்காரன் காலத்துல அரிசி கிடைக்காம மரவள்ளிக்கிழங்கைத் தின்னு உயிர் பிழைச்சவங்க. அப்படி வந்த குடும்பத்துல சோத்தைக் கொட்டுறது பாவம்.

ஆனா அம்மாவுக்கு இனிப்பு நீர். போன விடுமுறையில கிளினிக்குக்கு நான்தான் கூட்டிட்டுப் போனேன். ரெண்டு மூணு மாசச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவு 7.2ல இருந்து 8.6க்கு ஏறியிருந்தது. "என்னம்மா சாப்பிடுறீங்க?"ன்னு மிஸ்ஸி கேட்டாங்க. அம்மா சொன்ன பதில்: "எனக்குன்னு தனியா ஒண்ணும் செஞ்சிக்கிறதில்லைங்க. பிள்ளைங்க மிச்சம் வைக்கிறதுதான்."

நான் தலையைக் குனிஞ்சிக்கிட்டேன்.

கீதை என்ன சொல்கிறது?

7ஆம் சுலோகம், ஒவ்வொருவருக்கும் பிரியமான உணவு மூன்று வகைப்படும் என்று தொடங்குகிறது. 'பிரியம்' என்ற சொல்லைக் கவனியுங்கள். ருசி இருக்கக் கூடாது என்று கண்ணன் சொல்லவில்லை. 8ஆம் சுலோகத்தில் வரும் சாத்விக உணவு ஆயுளையும் பலத்தையும் ஆரோக்கியத்தையும் வளர்ப்பது. அதோடு சுகமும் தருவது, சாறும் நெய்ப்பசையும் உள்ளது, மனதுக்கு இதமானது. சப்பென்று இருக்க வேண்டும் என்று எங்கேயும் இல்லை.

9ஆம் சுலோகம் ராஜச உணவு. காரம், புளிப்பு, உப்பு, சூடு என்று பட்டியல் வருகிறது. இங்கே 'அதி' என்ற சொல் முக்கியம். அதைப் பட்டியலில் உள்ள எல்லாவற்றோடும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பது ஆதி சங்கரரின் உரை. அதாவது காரம் குற்றமில்லை, அதிகக் காரம்தான் குற்றம். சம்பால் பிரியர்கள் மூச்சு விடலாம்!

10ஆம் சுலோகம் தாமச உணவு. நேரம் கடந்தது, சுவை போனது, பழையது, பிறர் உண்டு மிஞ்சியது.

இங்கதான் எனக்குச் சுருக்குன்னு பட்டது. 9ஆம் சுலோகத்தை நான் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். 10ஆம் சுலோகத்தை அம்மாவுக்கு வச்சுட்டு ரயில் ஏறினேன். அது அம்மாவுக்குப் பிரியமான உணவு இல்ல. நான் அவங்க தட்டுல தள்ளினது. தனக்காக மட்டுமே சமைப்பவர்கள் பாவத்தையே உண்கிறார்கள் என்று 3ஆம் அத்தியாயம் 13ஆம் சுலோகம் சொல்கிறது. சமைக்கக் கூடத் தெரியாத எனக்கும் அது பொருந்தும்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சது.

இது எங்க வீட்டுக் கதை மட்டுமா?

2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களில் அது 31.4 விழுக்காடு. ஏறக்குறைய மூன்று பேரில் ஒருவர்! வள்ளுவர் 'மருந்து' என்ற 95ஆம் அதிகாரத்தில் பாதிக்கு மேல் சாப்பாட்டைப் பற்றியே பேசுவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. அளவறிந்து, பசித்து, செரித்த பிறகு உண். இதுதான் அவர் மருந்து.

எங்கள் பாடத்தில் 'பின்னூட்டம்' என்று ஒன்று உண்டு. வெளியே வரும் விளைவை அளந்து, உள்ளே போவதைத் திருத்துவது. குளிர்சாதனப் பெட்டி அப்படித்தான் வேலை செய்கிறது. என் நாக்குக்கு அந்தப் பின்னூட்டமே இல்லாமல் இருந்தது. கேட்டது நான், அளவு ஏறினது அம்மா ரத்தத்துல.

என்ன செய்தோம்?

முதல்ல, அம்மாகிட்ட என்ன பிடிக்கும்னு கேட்டேன். ரொம்ப நேரம் யோசிச்சாங்க. "முருங்கைக்கீரை. பாசிப்பருப்பு போட்டு. நீங்க யாரும் தொட மாட்டீங்க, அதான் செய்றதில்ல." மரம் வீட்டுக்குப் பின்னாலயே நிக்குது!

இப்போ நான் வர்ற வாரம் முதல் கறி அதுதான். பாயசம் திருவிழாவுக்கு மட்டும். அரிசியை அளந்து போடுறோம். மிஞ்சினா பெட்டியில போட்டு ஹாஸ்டலுக்கு நான் எடுத்துட்டுப் போறேன். நாக்கு பழகக் கூடியது. உப்பைக் குறைத்தால், சில வாரங்களில் பழைய அளவே கரிக்க ஆரம்பிக்கும். எங்க வீட்டுலயும் அப்படித்தான் ஆச்சு.

போன மாசம் அம்மாவோட அளவு 7.9. இன்னும் இறங்கணும். முருங்கைக்கீரை எனக்குப் பிடிச்சிடுச்சுன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா தட்டுல மிச்சம் வைக்கிறதில்ல.

கலந்துரையாட:

1. உங்கள் வீட்டில் சமைப்பவருக்குப் பிடித்த கறி எது? கடைசியாக அது எப்போது சமைக்கப்பட்டது?
2. உங்கள் வீட்டில் மிச்சத்தை யார் சாப்பிடுகிறார்?
3. உங்களுக்குப் பிரியமான ஓர் உணவில் 'அதி' எங்கே இருக்கிறது? அதை மட்டும் ஒரு மாதம் குறைத்துப் பார்த்து, அடுத்த கூட்டத்தில் சொல்லுங்கள்.